ரசிகர் புனைவும் வாசகர் கடிதமும்

ரசிகர் புனைவு என்பது, ஏற்கெனவே வெளிவந்த நாவல், திரைப்படம், தொலைக்காட்சித் தொடர் ஆகியவற்றின் கதைமாந்தரையும் கதைக்களத்தையும் எடுத்துக்கொண்டு, அவற்றின் ரசிகர்கள் எழுதும் புதிய கதைகளைக் குறிக்கும். மூலப் படைப்பின் பதிப்புரிமை வேறொருவரிடம் இருப்பதால், இக்கதைகளை விற்றுப் பொருளீட்டும் வழி பொதுவாக இல்லை. எழுதியவருக்குச் சன்மானம் கிடையாது. புத்தகக் கடையில் அவர் பெயர் இடம்பெறாது. நாளிதழில் மதிப்புரை வராது. கதையைப் படித்த ஒருவர் அதைப் பற்றி எழுதும் கருத்துதான் அவருக்குக் கிடைக்கும் கைம்மாறு.

20-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் இந்தக் கருத்து தபாலில் வந்தது. ரசிகர்கள் தாமே அச்சிட்ட சிற்றிதழ்களில், குறிப்பாக 'ஸ்டார் டிரெக்' தொலைக்காட்சித் தொடரின் ரசிகர் இதழ்களில், வாசகர் கடிதம் வகித்த இடத்தை இக்கட்டுரை விளக்குகிறது. அக்கடிதங்கள் பலரை எழுத்தாளராக்கின. அதே கடிதங்கள் சிலரைத் தாம் விரும்பியதை எழுத அஞ்சவும் வைத்தன.

முகவரி அச்சிட்ட இதழ்

1926 ஏப்ரலில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் 'அமேசிங் ஸ்டோரீஸ்' என்ற இதழைத் தொடங்கினார். அறிவியல் புனைகதைக்கென்றே வெளிவந்த முதல் ஆங்கில இதழ் இது. இதில் வாசகர் கடிதப் பகுதி ஒன்று இருந்தது. கடிதம் எழுதியவரின் பெயரோடு அவருடைய முழு முகவரியும் அச்சிடப்பட்டது. சிறிய செயலாகத் தோன்றினாலும் இதன் விளைவு பெரிது. அதுவரை இதழாசிரியருக்கு மட்டுமே எழுதிக்கொண்டிருந்த வாசகர்கள், அதன்பின் ஒருவருக்கொருவர் நேரடியாக எழுதத் தொடங்கினர். வேறு வேறு ஊர்களில் தனித்தனியே இருந்த ரசிகர்களுக்கு, தம்மைப் போன்ற பிறர் இருப்பது தெரியவந்தது.

இந்தக் கடிதத் தொடர்பிலிருந்து மன்றங்கள் தோன்றின. மன்றங்களிலிருந்து இதழ்கள் தோன்றின. 1930 மே மாதம் சிக்காகோவிலிருந்து வெளிவந்த 'தி காமட்' முதல் ரசிகர் இதழாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. 1937-இல் டொனால்ட் வோல்ஹைம், ரசிகர்கள் தம் இதழ்களைத் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் அமைப்பு ஒன்றை நிறுவினார். ரசிகர் இதழ் என்பதற்கான 'ஃபேன்சீன்' என்ற சொல்லை 1940-இல் ரஸ் ஷோவனே உருவாக்கினார். ரே பிராட்பரியின் முதல் கதை 1938-இல் ஒரு ரசிகர் இதழில்தான் வெளிவந்தது. அடுத்த ஆண்டு அவரே 'ஃபியூச்சூரியா ஃபேன்டாசியா' என்ற ரசிகர் இதழைத் தொடங்கினார்.

அக்கால ரசிகர்கள் 'ரசிகர் புனைவு' என்ற தொடரைத் தொழில்முறை சாராத அறிவியல் புனைகதைகளுக்குப் பயன்படுத்தினர். பிறர் படைத்த மாந்தரை வைத்து எழுதும் கதை என்ற இன்றைய பொருள் பின்னர் வந்தது.

கடிதமே சந்தா

ரசிகர் இதழ்களின் உலகில் வாசகர் கடிதத்துக்கு 'கருத்துக் கடிதம்' என்று பெயர். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்துச் சுருக்கமாக 'எல்.ஓ.சி.' என்றும் அழைத்தனர். இதழைப் பெறப் பல வழிகள் இருந்தன. பணம் அனுப்பலாம். தம் இதழை அனுப்பி மாற்றிக்கொள்ளலாம். கதை, கட்டுரை, ஓவியம் தரலாம். முந்தைய இதழைப் பற்றி ஒரு நல்ல கடிதமும் எழுதலாம். பணம் தவிர்த்த இவ்வழிகளை 'வழக்கமானது' என்ற ஒரே சொல்லால் இதழ்கள் குறிப்பிட்டன. புதிதாக வருபவருக்கு அதன் பொருளை மற்றவர்கள்தாம் சொல்லித்தர வேண்டும்.

ஆகவே கடிதம் எழுதுவது இதழுக்கான ஒரு வகைச் சந்தாவாக இருந்தது. எல்லாக் கடிதங்களையும் அச்சிட இடம் இருக்காது. அச்சிட இயலாத கடிதங்களை எழுதியவர்களின் பெயர்களை மட்டும் 'இவர்களும் எழுதினார்கள்' என்ற பொருளுள்ள தலைப்பில் பட்டியலிடுவது பல இதழ்களின் வழக்கம். எழுதியவரின் உழைப்பைக் கவனிக்காமல் விடக்கூடாது என்ற எண்ணம் ஆசிரியர், வாசகர் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இந்த மரபுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு ஹாரி வார்னர் ஜூனியர். மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் வாழ்ந்த பத்திரிகையாளர் இவர். ஊரைவிட்டு அதிகம் வெளியே செல்லாதவர். ரசிகர் மாநாடுகளிலும் அரிதாகவே காணப்பட்டவர். ஆனால் பல்லாண்டுக் காலம் எண்ணற்ற ரசிகர் இதழ்களுக்குக் கருத்துக் கடிதம் எழுதினார். சிறந்த ரசிகர் எழுத்தாளருக்கான ஹ்யூகோ விருதை 1969, 1972 ஆகிய ஆண்டுகளில் பெற்றார். அவருடைய புகழில் அக்கடிதங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. கருத்துக் கூறுவதும் ஒரு படைப்புச் செயலே என்று அந்தச் சமூகம் ஏற்றுக்கொண்டிருந்ததை இது காட்டுகிறது.

ஸ்டார் டிரெக் இதழ்களின் தோற்றம்

'ஸ்டார் டிரெக்' தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. ஓராண்டுக்குப் பின், 1967 செப்டம்பரில், டெவ்ரா லாங்சம், ஷெர்னா காமர்ஃபோர்ட் ஆகிய இரு பெண்கள் 'ஸ்பாக்கனேலியா' என்ற இதழை வெளியிட்டனர். ஸ்டார் டிரெக் தொடருக்கெனத் தோன்றிய முதல் ரசிகர் இதழ் இதுவே. விண்கலத்தின் அறிவியல் அதிகாரியான ஸ்பாக், அவருடைய வல்கன் இனம் ஆகியவை பற்றிய கதைகள், கவிதைகள், கட்டுரைகள் இதில் இடம்பெற்றன. ஸ்பாக்காக நடித்த லெனார்ட் நிமாயின் கடிதம் ஒன்றும் முதல் இதழில் வெளியானது. 1970-க்குள் ஐந்து இதழ்கள் வெளிவந்தன.

இதே காலத்தில் தொடரை நிறுத்தக்கூடாது என்று கோரி ஒரு கடித இயக்கம் நடந்தது. பீஜோ டிரிம்பிள், ஜான் டிரிம்பிள் தம்பதியர் இதை முன்னின்று நடத்தினர். 1967 இறுதியிலும் 1968 தொடக்கத்திலும் என்.பி.சி.க்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கடிதங்கள் வந்து குவிந்தன. 1968 மார்ச் 1 அன்று, தொடர் மீண்டும் வரும் என்று தொலைக்காட்சியிலேயே அறிவிக்கப்பட்டது. மூன்றாம் பருவத்துடன் 1969-இல் தொடர் முடிந்துவிட்டது என்றாலும், தாம் எழுதும் கடிதத்துக்குப் பலன் உண்டு என்ற நம்பிக்கை அந்த ரசிகர்களிடம் வேரூன்றியது.

பழைய அறிவியல் புனைகதை ரசிகர் வட்டத்தில் ஆண்களே மிகுதி. ஸ்டார் டிரெக் கதைகளை எழுதியவர்களோ பெரும்பாலும் பெண்கள். பழைய ரசிகர்களில் சிலர் தொலைக்காட்சித் தொடரின் ரசிகர்களை ஏளனமாகவே பார்த்தனர். எனவே இப்பெண்களின் கதைகளை மதித்துப் படித்துக் கருத்துச் சொல்லும் வாசகர்கள் அவர்களுடைய சொந்த வட்டத்திலேயே உருவாக வேண்டியிருந்தது. அந்த வட்டத்தை இணைத்தவை இதழ்களும் கடிதங்களுமே.

ஒரு கதையும் அதன் பதிலும்

ஒரு ரசிகர் இதழ் உருவாகும் முறையை அறிந்தால் கடிதத்தின் மதிப்பு விளங்கும். கதையைத் தட்டச்சு இயந்திரத்தில் ஸ்டென்சில் தாளில் அடிக்க வேண்டும். பின்னர், ஒரு காலத்தில் நம் பள்ளிகளில் வினாத்தாள் எடுக்கப் பயன்பட்ட சைக்ளோஸ்டைல் போன்ற இயந்திரத்தில் பக்கம் பக்கமாக நகலெடுக்க வேண்டும். அவற்றை வரிசையாக அடுக்கி, பின் அடித்து, உறையிலிட்டு, முகவரி எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். இவ்வளவும் வீட்டில், வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் நடந்தன. இதழின் விலை பெரும்பாலும் தாள், அச்சு, தபால் செலவை ஈடுகட்டுவதற்கே. கதை எழுதியவருக்கு அவ்விதழின் ஒரு பிரதி இலவசமாகக் கிடைக்கும்.

அதன்பின் காத்திருப்புதான். ஆண்டுக்குச் சில முறையே வெளிவரும் இதழில், ஒரு கதைக்கான கருத்துகள் அடுத்த இதழின் கடிதப் பகுதியில்தான் அச்சாகும். அதற்குப் பல மாதங்கள் ஆகலாம். அக்கடிதங்கள் பாராட்டு வரிகளோடு நிற்பதில்லை. ஸ்பாக் இப்படிப் பேசுவாரா, விண்கலத்தின் அமைப்பு தொடரில் காட்டியபடி இருக்கிறதா, கதையின் முடிவு முன்பகுதிக்குப் பொருந்துகிறதா என்று வாசகர்கள் விவாதித்தனர். மூலத் தொடரை எழுத்தாளர் அளவுக்கே அறிந்தவர்கள் அவர்கள். தொழில்முறை நாவலாசிரியருக்குக்கூட எளிதில் வாய்க்காத வாசகர்கள் எனலாம்.

வாசகரின் பதில் சில சமயம் இன்னொரு படைப்பாகவும் வந்தது. 'ஸ்பாக்கனேலியா' முதல் இதழில் டோரதி ஜோன்ஸ், இரு வேறு கூறுகளை ஒப்பிட்டு அமைக்கும் கலைவடிவம் ஒன்றைக் கற்பனை செய்து, அதற்கு 'நி வார்' என்று வல்கன் மொழிப் பெயரிட்டார். மற்ற ரசிகர்கள் அச்சொல்லை எடுத்தாண்டனர். கிளேர் கேப்ரியல் அதையே தலைப்பாக்கி ஒரு கதை எழுதினார். பல ஆண்டுகளுக்குப் பின், 2020-இல் வெளியான 'ஸ்டார் டிரெக்: டிஸ்கவரி' தொடரின் மூன்றாம் பருவத்தில், வல்கன் கோளின் புதிய பெயராகவே அச்சொல் இடம்பெற்றது. முதல் வாசகர்கள் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால் அது பழைய இதழ் ஒன்றின் பக்கத்தோடு நின்றிருக்கும்.

வாசகர் எழுத்தாளராதல்

ரூத் பெர்மன் மினியாபொலிஸ் நகரிலிருந்து நடத்திய 'டி-நெகடிவ்' 1969-இல் தொடங்கிய முக்கியமான இதழ். ஸ்பாக்கின் இரத்த வகையே இதழின் பெயர். இதில் 1970 முதல் ஜாக்குலின் லிக்டன்பர்க் 'க்ரெய்த்' என்னும் கதைத்தொடரை எழுதினார். வல்கன் பண்பாட்டைத் தொலைக்காட்சித் தொடர் காட்டியதைவிட விரிவாக அமைத்துக் காட்டிய தொடர் இது.

'க்ரெய்த்' வாசகர்கள் கருத்துச் சொல்வதோடு நிற்கவில்லை. அந்தக் கற்பனை உலகுக்குள்ளேயே தாமும் கதைகள் எழுத முன்வந்தனர். லிக்டன்பர்க் அவர்களைத் தடுக்காமல் வரவேற்றார். இவ்வாறு பலர் கைபட்டு வளர்ந்த ஒரு கூட்டுப் படைப்பாக அது மாறியது. புதிய ரசிகர்களுக்குத் தபால் வழியே தகவல் தருவதற்காக 'ஸ்டார் டிரெக் வெல்கமிட்டி' என்ற தன்னார்வ அமைப்பை 1972-இல் தொடங்கியவரும் லிக்டன்பர்க்தான். 1974-இல் அவருடைய முதல் சொந்த நாவலான 'ஹவுஸ் ஆஃப் ஜியோர்' வெளிவந்தது.

1975-இல் லிக்டன்பர்க், சோண்ட்ரா மார்ஷக், ஜோன் வின்ஸ்டன் ஆகியோர் எழுதிய 'ஸ்டார் டிரெக் லிவ்ஸ்!' என்ற நூல் ரசிகர் புனைவைப் பொதுவாசகருக்கு அறிமுகம் செய்தது. 1976-இல் மார்ஷக்கும் மிர்னா கல்பிரெத்தும் தொகுத்த 'ஸ்டார் டிரெக்: தி நியூ வாயேஜஸ்', ரசிகர் கதைகளை முறையான அனுமதியோடு நூலாக்கியது. 'நி வார்' கதையும் அதில் உண்டு. ரசிகர் கதைக்கு இப்படி அச்சுநூல் வாய்ப்புக் கிடைத்தது விதிவிலக்கு. பெரும்பாலான எழுத்தாளர்களுக்கு இதழின் கடிதப் பகுதியே கடைசிவரை அங்கீகாரமாக இருந்தது.

மேரி சூ: விமர்சனத்தின் மறுபக்கம்

1973-இல் 'மெனாஜரி' என்ற ரசிகர் இதழின் இரண்டாம் எண்ணில் பாலா ஸ்மித் மிகச் சிறிய நையாண்டிக் கதை ஒன்றை வெளியிட்டார். அதன் நாயகி லெப்டினன்ட் மேரி சூ. வயது பதினைந்தரை, விண்படையிலேயே மிக இளைய அதிகாரி. கேப்டன் கிர்க் அவளைக் கண்டதும் காதல் கொள்கிறார். அனைவரையும் அவளே காப்பாற்றுகிறாள், அவர்கள் நோயுற்றபோது கப்பலைத் தனியாக நடத்துகிறாள், விருதுகள் பெறுகிறாள், முடிவில் எல்லாரும் கண்ணீர்விட இறந்துபோகிறாள். இதழ்களுக்கு மீண்டும் மீண்டும் வந்துகொண்டிருந்த ஒரே வகைக் கதைகளைப் பார்த்த ஒரு வாசகரின் விமர்சனமே இந்தக் கதை.

நையாண்டி இலக்கைத் தாக்கியது. 'மேரி சூ' என்பது கலைச்சொல்லாகி, எழுத்தாளர் தம்மையே உயர்த்திப் படைக்கும் குறையற்ற பாத்திரத்தைக் குறித்தது. இதழாசிரியர்களுக்கும் கடிதம் எழுதுவோருக்கும் ஒரு குறையைச் சுட்ட எளிய பெயர் கிடைத்தது. பலர் தம் எழுத்தைத் திருத்திக்கொள்ள அது உதவியது என்பதில் ஐயமில்லை.

ஆனால் எளிய பெயருக்கு ஓர் அபாயமும் உண்டு. கதையை முழுதாகப் படித்து விளக்க வேண்டிய இடத்தில் ஒரே சொல்லால் ஒதுக்கிவிட முடிந்தது. மானிடவியல் நோக்கில் ரசிகர் சமூகத்தை ஆராய்ந்த கமீல் பேகன்-ஸ்மித், 1992-இல் வெளியான 'என்டர்பிரைசிங் விமன்' நூலில் இதன் விளைவைப் பதிவு செய்துள்ளார். மேரி சூ என்ற பழி வருமோ என்று அஞ்சி, பெண் பாத்திரங்களைக் கதையில் சேர்ப்பதையே சில எழுத்தாளர்கள் தவிர்த்தனர். எழுதியவர்களும் பெண்கள், படித்தவர்களும் பெண்கள். ஆயினும் கதைக்குள் ஒரு பெண்ணை நாயகியாக்கத் தயங்கினர். எல்லாப் போரிலும் வென்று, எல்லாராலும் விரும்பப்படும் கேப்டன் கிர்க்கை ஏன் யாரும் அப்படிக் கேலி செய்வதில்லை என்ற கேள்வியும் பெண்களிடமிருந்தே எழுந்தது.

பாலா ஸ்மித் யாரையும் எழுதவிடாமல் செய்யக் கருதியவரல்லர். பிழை, கருத்து ஒரு முத்திரையாகச் சுருங்கியதில் இருந்தது. ஒரு கதையில் எது பொருந்தவில்லை என்று சொல்லும் கடிதம் எழுத்தாளருக்கு அடுத்த கதைக்கான வழியைக் காட்டுகிறது. பெயர் மட்டும் சூட்டும் கடிதம் அந்த வழியை அடைத்துவிடுகிறது.

கடிதங்களுக்கென்றே இதழ்கள்

வாசகர் கருத்து எழுத்தாளரை விளக்கம் தரவும் தூண்டியது. ஆஸ்திரேலியரான டயேன் மார்ச்சன்ட் 1974-இல் 'க்ரப்' இதழில் ஒரு சிறு கதை எழுதினார். அதில் வரும் இருவரின் பெயர்கள் சொல்லப்படவில்லை. அவர்கள் கிர்க்கும் ஸ்பாக்கும் என்று வாசகர்கள் ஊகித்தனர். அவ்விருவரையும் காதலராகக் காட்டும் கதை அதற்குமுன் எந்த ரசிகர் இதழிலும் அச்சாகாதது. அடுத்த இதழில் மார்ச்சன்ட் ஒரு கட்டுரை எழுதித் தம் நோக்கத்தை விளக்கினார். இத்தகைய கதைகளை எழுதலாமா, கூடாதா என்ற வாதம் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

இவ்வகை வாதங்களுக்குக் கதை இதழ்களின் கடிதப் பகுதி போதவில்லை. வாசகர் கடிதங்களை மட்டுமே கொண்ட 'கடித இதழ்கள்' 1970-களில் தோன்றின. 1977-இல் தொடங்கிய 'இண்டர்ஸ்டாட்' அவற்றுள் நன்கு அறியப்பட்டது. கதைகளின் நிறைகுறைகள், புதிய திரைப்படங்கள், எழுத்தாளரின் உரிமை, வாசகரின் எல்லை எனப் பலவும் அதில் விவாதிக்கப்பட்டன. 1967 முதல் 1987 வரையான ஸ்டார் டிரெக் ரசிகர் இதழ்களின் வரலாற்றை 'போல்ட்லி ரைட்டிங்' என்ற நூலாக ஜோன் மேரி வெர்பா 1996-இல் வெளியிட்டார். ரசிகர் புனைவை ஆராய்வோருக்குக் கதைகளைப் போலவே அவற்றுக்கு வந்த கடிதங்களும் இன்று சான்றாக விளங்குகின்றன.

தபாலுக்குப் பின்

1990-களில் ரசிகர் புனைவு இணையத்துக்கு நகர்ந்தது. 1998-இல் தொடங்கிய 'ஃபேன்ஃபிக்ஷன்.நெட்' தளம் வாசகர் கருத்தை 'ரிவ்யூ' என்று அழைத்தது. 2009-இல் பொதுப் பயன்பாட்டுக்கு வந்த 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளம், ஒரு பொத்தானை அழுத்திப் பாராட்டைத் தெரிவிக்கும் 'குடோஸ்' வசதியை அடுத்த ஆண்டு சேர்த்தது. பல மாதக் காத்திருப்பு சில நிமிடங்களாகக் குறைந்தது. கடிதம் எழுதத் தயங்கும் வாசகரும் தாம் படித்ததைத் தெரிவிக்க முடிந்தது.

அதே சமயம் ஒரு மாற்றமும் நேர்ந்தது. ரசிகர் இதழில் கடிதம் எழுதுவது அடுத்த இதழைப் பெறும் வழிகளுள் ஒன்று. இணையத்தில் கதை முன்னதாகவே இலவசம். எதுவும் எழுதாமல் படித்துவிட்டுப் போகலாம். பொத்தானை அழுத்துபவர் கதை பிடித்தது என்பதைத் தெரிவிக்கிறார். எந்த இடம் பிடித்தது, ஏன் பிடித்தது என்பதை அதனால் தெரிவிக்க முடியாது. இரண்டு வரியாவது எழுதுங்கள் என்று ரசிகர் எழுத்தாளர்கள் வாசகரை வேண்டுவதன் காரணம் இதுதான்.

2019-இல் 'ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்' தளத்துக்கு ஹ்யூகோ விருது வழங்கப்பட்டது. வாசகர்களின் முகவரியை அச்சிட்டு அவர்களை ஒருவருக்கொருவர் எழுதவைத்த ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக்கின் பெயரால் அமைந்த விருது அது.

மதிப்பீடு

ரசிகர் புனைவின் வரலாற்றில் வாசகர் கருத்து மூன்று பணிகளைச் செய்தது. பணம் பெறாத எழுத்துக்கு ஊதியமாக இருந்தது. முறையான பயிற்சி இல்லாதவர்களுக்குப் பள்ளியாக இருந்தது. படித்தவரை எழுதுபவராக்கும் வாயிலாகவும் இருந்தது. மேரி சூவின் வரலாறு, அதே கருத்து சிந்தனையின்றிக் கூறப்படும்போது எழுத்தாளரின் கையைக் கட்டிவிடும் என்பதையும் காட்டுகிறது. ஒரு கதையைக் கவனமாகப் படித்து, தாம் கண்டதைத் தெளிவாக எழுதி அனுப்பிய வாசகர்களாலேயே அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த எழுத்து நிலைத்து வந்துள்ளது.